முதலில் இடம், பிறகு பேட்டரி

ஈப்போவைச் சுற்றியுள்ள சுங்கை சிப்புட், பத்து காஜா, கோப்பெங் வட்டாரங்களில் ரப்பர் நின்ற நிலத்தில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. மீதியில் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. ஆனால் அந்தத் தோட்டங்களுக்குள் ஓடிய செம்மண் பாதைகள் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன. மழை அறுத்த வாய்க்கால், துருத்திய வேர், லாரி பதித்த பள்ளம், குறுக்கே கிடக்கும் செம்பனை மட்டை என்று ஏதாவது ஒன்று சைக்கிளை உலுக்கிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட பாதைக்கு முன்னும் பின்னும் ஷாக் வைத்த முழுச் சஸ்பென்ஷன் சைக்கிள் மிகப் பொருத்தம். அதில் ஒரு மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்துவிட்டால், ஈப்போவிலிருந்து தோட்டப்புறம் போய்த் திரும்புவது வயதானவருக்கும் இயலும் காரியம்.

சிக்கல் பேட்டரியில் தொடங்குகிறது. கடையில் கிடைக்கும் பேட்டரிப் பெட்டிகள் பெரும்பாலும் சாதாரண சைக்கிளின் அகன்ற நடுச்சட்டத்தை நினைத்துச் செய்யப்பட்டவை. முழுச் சஸ்பென்ஷன் சைக்கிளில் அந்த இடத்தின் பாதியைப் பின் ஷாக் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சிலர் தாங்களே செல்களை வாங்கி, சட்டத்துக்கு ஏற்ற வடிவில் பேட்டரி கட்டிக்கொள்கிறார்கள். யோசனை நியாயமானது. ஆனால் பேட்டரியைக் கட்டி முடித்த பிறகு அதை எங்கே மாட்டுவது என்று தேடுவதில்தான் பெரும்பாலான தொல்லைகளும் பிறக்கின்றன. எங்கே, எப்படி மாட்டப்போகிறோம் என்பது முடிவான பிறகே முதல் செல்லை வாங்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே போகிறது.

அசையும் பகுதி, அசையாத பகுதி

முழுச் சஸ்பென்ஷன் சைக்கிளின் சட்டம் இரண்டு துண்டுகளால் ஆனது. கைப்பிடி, சீட், பெடல் மூன்றையும் தாங்குவது முன் முக்கோணம். பின் சக்கரத்தைப் பிடித்திருப்பது பின் சட்டம். இரண்டும் மூட்டுகளில் இணைந்து, நடுவிலுள்ள ஷாக்கின் தயவில் ஒன்றையொன்று நோக்கி மடங்கி விரிகின்றன. மலைப்பாதைக்கான சைக்கிளில் பின் சக்கரம் 120 முதல் 160 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் போய்வரும்.

ஷாக்குக்கு மேலே இருக்கும் எடைக்கும் கீழே இருக்கும் எடைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன் முக்கோணத்திலுள்ள எடையை ஷாக் தாங்குகிறது. பள்ளத்தின் அடி அதற்குத் தணிந்துதான் வந்து சேரும். பின் சட்டத்திலுள்ள எடை சக்கரத்தோடு சேர்ந்து எகிறுகிறது. அந்த எடை கூடக்கூட, சக்கரம் தரையின் ஏற்ற இறக்கத்தை விரைவாகத் தொடர முடியாமல் போகிறது. பிடிமானம் குறையும், ஒவ்வொரு வேரின் அடியும் பேட்டரிக்குள் இருக்கும் வெல்டிங் புள்ளிகளில் நேரே விழும்.

பால் மரம் வெட்டிய காலத்தில் தோட்டத்துச் சைக்கிளின் பின் கேரியர் எத்தனையோ சுமையைத் தாங்கியது. அந்த நினைவில், பேட்டரியையும் பின் கேரியரில் கட்டிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அந்தச் சைக்கிளில் மூட்டு கிடையாது; சட்டம் முழுவதும் ஒரே துண்டு. முழுச் சஸ்பென்ஷன் சைக்கிளில் பின் சட்டத்தோடு இணைந்த கேரியரில் நான்கு கிலோ பேட்டரியை வைத்தால், சஸ்பென்ஷனுக்குக் கொடுத்த காசு வீணாகிவிடும்.

எனவே முதல் விதி: பேட்டரி முழுவதும் முன் முக்கோணத்தின் மீதே அமர வேண்டும். அதன் எந்த மூலையும் பின் சட்டத்தையோ, ஷாக்கையோ, ஷாக்கை இணைக்கும் நெம்புகோலையோ தொடக்கூடாது. பேட்டரிக்கும் பின் சட்டத்துக்கும் சேர்த்துக் கட்டிய ஒரு பட்டைகூட இருக்கக்கூடாது.

நான்கு இடங்கள்

முன் முக்கோணத்தைச் சார்ந்து நான்கு இடங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலாவது, கீழ்க்குழாயின் மேற்புறம். அதாவது தண்ணீர்ப் புட்டி மாட்டும் இடம். இதுவே சிறந்தது. எடை தாழ்வாகவும் நடுவாகவும் இருக்கும். கல்லும் சேறும் நேரே படாது. ஷாக் மேல்குழாயை ஒட்டிப் படுத்திருக்கும் சட்டங்களில் இங்கே ஓரளவு நல்ல இடம் கிடைக்கும். ஷாக் செங்குத்தாக நிற்கும் சட்டங்களில் அதற்கு முன்னால் ஒரு சிறிய முக்கோணம் மிஞ்சும். வீட்டில் கட்டும் பேட்டரியின் பயன் இங்கேதான்: செல்களை அந்த முக்கோணத்தின் வடிவத்துக்கே படிப்படியாக அடுக்கலாம்.

இரண்டாவது, கீழ்க்குழாயின் அடிப்புறம். மேலே இடமே இல்லையென்றால் இதைப் பார்க்கலாம். இங்கே மூன்று எதிரிகள்: முன் சக்கரம் எறியும் கல், தண்ணீர், பாதையில் துருத்தும் பாறை அல்லது மரக்கட்டை. கனமான கவசத் தகடு இல்லாமல் இங்கே மாட்டக்கூடாது. பல சைக்கிள்களில் பிரேக் குழாயும் கியர் கம்பியும் இந்த வழியாகவே ஓடும். அவை பேட்டரிக்கும் சட்டத்துக்கும் இடையே நசுங்கக்கூடாது.

மூன்றாவது, முக்கோணப் பை. துணிப்பை தனியாக எடையைத் தாங்காது. குலுங்கக் குலுங்கத் தையல் விடும். உள்ளே கெட்டியான பெட்டி இருந்து, அந்தப் பெட்டி சட்டத்தோடு போல்ட்டில் நின்றால், பையை மழைக்கும் தூசிக்கும் உறையாகப் பயன்படுத்தலாம்.

நான்காவது, சீட் குழாயிலிருந்து பின்னால் நீளும் கேரியர். சீட் குழாய் முன் முக்கோணத்தைச் சேர்ந்தது என்பதால் ஷாக் இந்த எடையைத் தாங்கும். ஆனால் எடை உயரமாகவும் பின்னாலும் போய்விடுகிறது. ஏற்றத்தில் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். ஷாக் முழுதாக அமுங்கும்போது பின் சக்கரம் மேலே வந்து கேரியரில் இடிக்கவும் கூடும். தார்ச்சாலையில் மெதுவாக ஓட்டுபவருக்கு இது போதலாம். தோட்டப் பாதைக்கு வேண்டாம்.

முதுகுப்பையில் பேட்டரியைச் சுமந்து ஓட்டுவோரும் உண்டு. விழும்போது முதுகெலும்பின் மேல் கனமான, தீப்பிடிக்கக்கூடிய ஒரு பெட்டி இருக்கும் என்பதால் அதை இங்கே ஒரு வழியாகவே எண்ணவில்லை.

அட்டையில் செய்து பாருங்கள்

இடத்தைத் தேர்ந்ததும் கெட்டியான அட்டைப்பெட்டியை வெட்டி, பேட்டரியின் அளவிலேயே ஒரு மாதிரி செய்யுங்கள். பெட்டியின் தடிமன், கம்பி வெளிவரும் இடம், மாட்டும் தகடு எல்லாவற்றையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைச் சட்டத்தில் ஒட்டுப்பட்டையால் பொருத்தி மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

முதல் சோதனை ஷாக்குக்கு. காற்று ஷாக் என்றால் காற்றை மெதுவாக முழுதும் வெளியேற்றுங்கள். ஸ்பிரிங் ஷாக் என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். இப்போது சீட்டை அமுக்கினால் பின் சட்டம் தன் எல்லை வரை மடங்கும். அந்த முழு ஓட்டத்திலும் அட்டைக்கும் அசையும் உறுப்புகளுக்கும் இடையே குறைந்தது 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நிற்கும் சைக்கிளில் இடம் தாராளமாகத் தெரிந்தாலும், ஷாக் அமுங்கும்போது நெம்புகோல் சுழன்று எங்கே வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பெட்டியில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இரண்டாவது சோதனை முன் சக்கரத்துக்கு. முன் ஷாக்கையும் இதேபோல அமுக்கி, கைப்பிடியை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். கீழ்க்குழாயின் அடியில் மாட்டுபவர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

மூன்றாவது சோதனை உங்கள் காலுக்கு. சீட்டில் அமர்ந்து பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். முழங்காலும் தொடையும் பெட்டியில் உரசக்கூடாது. அகலம் 90 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலானோருக்கு வசதியாக இருக்கும். பெடலைத் தாங்கும் கிராங்க், பெட்டியைத் தொடாமல் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

எவ்வளவு பேட்டரி வேண்டும்?

அட்டை மாதிரி தயாரானதும் எத்தனை செல் கொள்ளும் என்று தெரிந்துவிடும். அது உங்கள் பயணத்துக்குப் போதுமா என்பதை அடுத்துக் கணக்கிடலாம்.

பெடலும் மிதித்து மோட்டார் உதவியையும் பயன்படுத்தினால், கிலோமீட்டருக்கு 10 முதல் 20 வாட்-மணி செலவாகும். தார்ச்சாலையில் குறைவு, ஈரமான செம்மண்ணில் அதிகம். 15 என்று எடுத்துக்கொண்டால் 40 கிலோமீட்டர் பயணத்துக்கு 600 வாட்-மணி வேண்டும். ஈப்போவிலிருந்து பத்து காஜா வரை போய்த் திரும்ப ஏறக்குறைய அவ்வளவு.

ஏற்றத்துக்குத் தனிக் கணக்கு. ஈப்போவின் மேற்கே நிற்கும் கிளேடாங் மலை ஏறத்தாழ 800 மீட்டர் உயரம். ஓட்டுபவரும் சைக்கிளுமாக 100 கிலோ எடையை 750 மீட்டர் உயர்த்த 200 வாட்-மணிக்குச் சற்று மேல் ஆற்றல் தேவை. மோட்டாரில் நாலில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும் என்று கொண்டால், பேட்டரியிலிருந்து 270 வாட்-மணி போகும். கால்கள் எவ்வளவு உழைக்கின்றனவோ அவ்வளவு மிச்சம்.

இனி செல்கள். 18650 எனப்படும் உருளைச் செல் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. எடை 45 முதல் 50 கிராம். 21700 வகை 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம், சுமார் 70 கிராம். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். 48 வோல்ட் பேட்டரி என்று சொல்வது 13 செல்களைத் தொடராக இணைப்பதை. முழு சார்ஜில் அது 54.6 வோல்ட் காட்டும்.

13 தொடர், ஒவ்வொன்றிலும் 4 இணை என்று அடுக்கினால் 52 செல்கள். 3.5 ஆம்பியர்-மணிச் செல் என்றால் மொத்தம் 14 ஆம்பியர்-மணி. அதாவது சுமார் 655 வாட்-மணி. செல்கள் மட்டும் இரண்டரைக் கிலோ. பெட்டி, கம்பி எல்லாம் சேர்த்து மூன்றரைக் கிலோவைத் தொடும். 21700 செல் என்றால் 39 செல்களிலேயே 700 வாட்-மணி கிடைக்கும். இடம் குறைந்த சட்டத்துக்கு எது பொருந்தும் என்பதை அட்டை மாதிரியே சொல்லிவிடும்.

இடம் போதாமல் இரண்டு சிறிய பேட்டரிகளாகப் பிரித்து இணையாக இணைக்க நினைப்பவர்கள் கவனிக்க: ஒன்று நிறைந்தும் மற்றொன்று காலியாகவும் இருக்கும்போது இணைத்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் பாய்ந்து கம்பியே உருகலாம். இரண்டையும் பாதுகாப்பாகச் சேர்ப்பதற்கென விற்கும் இணைப்புக் கருவி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அதைவிட, ஒன்று தீர்ந்த பின் மற்றொன்றை மாற்றிச் செருகுவது எளிது, பாதுகாப்பும் கூட.

உள்ளே இறுக்கம், வெளியே மென்மை

செல்லை வாங்குவதில் சிக்கனம் பார்க்கக்கூடாது. சிரம்பானிலுள்ள சாம்சங் எஸ்டிஐ ஆலை இத்தகைய உருளைச் செல்களைச் செய்கிறது. நம் நாட்டிலேயே ஆலை இருப்பதால் சந்தையில் கிடைப்பதெல்லாம் அசல் என்று ஆகிவிடாது. பெயர் பெற்ற நிறுவனங்களின் உறையைப் போலியாக அச்சிட்டு விற்பது உலகெங்கும் நடக்கிறது. 18650 செல்லில் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அது பொய். நல்ல செல் 3,500-ஐச் சுற்றியே நிற்கும். எடை 40 கிராமுக்குக் கீழே இருந்தாலும் சந்தேகப்படுங்கள். பழைய மடிக்கணினிச் செல்களைப் பொறுக்கிச் சேர்ப்பதை அடியோடு விடுங்கள். வெவ்வேறு வயதுள்ள செல்களில் பலவீனமானது முதலில் வற்றும், முதலில் சூடாகும்.

செல்களை இணைப்பது நிக்கல் பட்டையும் ஸ்பாட் வெல்டிங்கும். செல்லின் மேல் நேரே ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த வெப்பம் உள்ளே உள்ள அடுக்குகளைக் கெடுக்கும். ஸ்பாட் வெல்டிங் பழக்கமில்லாதவர் இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது அறிவுடைமை. பேட்டரி மேலாண்மைப் பலகை, அதாவது பிஎம்எஸ், கட்டாயம் வேண்டும். மிகை சார்ஜ், மிகை வற்றல், மிகை மின்னோட்டம் மூன்றையும் அது தடுக்கும். செல் வரிசைகளைச் சமன்படுத்தும். மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலர் 20 ஆம்பியர் எடுக்குமானால் பிஎம்எஸ் 30 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும்.

தோட்டப் பாதையில் ஓடும் பேட்டரிக்கு ஒரு கூடுதல் விதி உண்டு: உள்ளே எதுவும் அசையக்கூடாது. ஒரு செல் பக்கத்துச் செல்லுக்கு எதிராக அரை மில்லிமீட்டர் ஆடினாலும், அந்த ஆட்டம் முழுவதும் நிக்கல் பட்டையின் வெல்டிங் புள்ளியில் போய்ச் சேரும். ஆயிரக்கணக்கான குலுக்கலில் புள்ளி விடும். அல்லது செல்லின் உறை தேய்ந்து மின்கசிவு உண்டாகும். எனவே செல்களை பிளாஸ்டிக் பிடிப்பான்களில் வையுங்கள். நேர்முனைகளில் காப்புக் காகித வளையம் ஒட்டுங்கள். அடுக்கின் இருபுறமும் எபாக்ஸித் தகடு வைத்து, பிஎம்எஸ் பலகையின் சமநிலைக் கம்பிகள் எந்தக் கூர்முனையிலும் உரசாதபடி வெப்பம் தாங்கும் நாடாவால் கட்டுங்கள். இடைவெளியை அடைக்க சிலிக்கான் பசை பயன்படுத்தினால், காடி வாசம் வராத வகையைக் கேட்டு வாங்குங்கள். அந்த வாசமுள்ளது உலரும்போது அமிலம் விட்டு உலோகத்தை அரிக்கும்.

இப்படி ஒரே கட்டையாக இறுகிய அடுக்கைப் பெட்டிக்குள் வைக்கும்போது, அதைச் சுற்றி ஐந்து மில்லிமீட்டர் அடர்த்தியான நுரை ரப்பர் இருக்கட்டும். பெட்டி அலுமினியமானால் உள்முழுக்கக் காப்புத் தகடு ஒட்டியிருக்க வேண்டும்.

போல்ட்டும் பட்டையும் தகடும்

தண்ணீர்ப் புட்டிக்கான இரண்டு எம்5 போல்ட் துளைகள் 64 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். ஒரு கிலோ எடைகூட இல்லாத புட்டிக்காகச் செய்யப்பட்டவை அவை. நான்கு கிலோ பேட்டரி ஒரு பள்ளத்தில் புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்கு அடி வாங்கினால், அந்த நொடியில் அது 20 கிலோவாக இழுக்கும். பெட்டி 30 சென்டிமீட்டர் நீளமும் பிடிப்பு ஆறரை சென்டிமீட்டரும் என்றால், பெட்டியின் நுனி நெம்புகோலாகி அந்தத் துளைகளின் உள்நட்டுகளையே பிடுங்கும். ஆகவே அந்த இரண்டு போல்ட்டை மட்டும் நம்பக்கூடாது.

வழி இது. பெட்டியின் நீளத்துக்குச் சமமான, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு ஒன்றை வெட்டுங்கள். கீழ்க்குழாயின் வளைவுக்கு ஏற்ப அடியில் ரப்பர் திண்டு ஒட்டுங்கள். பழைய சைக்கிள் ட்யூபின் துண்டே போதும். புட்டித் துளைகளில் இரண்டு போல்ட். அகன்ற வாஷரும், மரையில் நீல நிறப் பூட்டுத் திரவமும் வேண்டும். முறுக்கு விசை 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகவேண்டாம். தகட்டின் இரண்டு நுனிகளிலும் குழாயைச் சுற்றி வரும் பிடிப்பு ஒன்று வேண்டும். ரப்பர் உறையிட்ட உலோகப் பட்டையோ, பக்கிள் வைத்த கனமான நைலான் பட்டையோ ஆகலாம். போல்ட் நகராமல் வைக்கிறது. பட்டை எடையைத் தாங்குகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பிடிப்பு முழுமை.

சட்டத்தில் புதிய துளை போடாதீர்கள். இன்றைய அலுமினியக் குழாய்களின் நடுப்பகுதி மிக மெலிது. ஒரு துளையிலிருந்து விரிசல் தொடங்கினால் ஓடும்போது சட்டம் முறியலாம். கார்பன் சட்டமானால் உலோகப் பட்டையும் கூடாது. அதன் இறுக்கத்தில் உள்ளிழைகள் நசுங்கி, வெளியே அடையாளமே தெரியாமல் சட்டம் பலமிழக்கும். கார்பன் சட்டக்காரர்கள் புட்டித் துளையும் அகன்ற துணிப்பட்டையும் தாங்கும் அளவுக்குச் சிறிய பேட்டரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கம்பிக்கு மூட்டு தெரிய வேண்டும்

மோட்டார் கிராங்க் பக்கம் இருந்தால் கம்பியும் முன் முக்கோணத்துக்குள்ளேயே முடிந்துவிடும். வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: பல முழுச் சஸ்பென்ஷன் சட்டங்களில் பின் சட்டத்தின் முக்கிய மூட்டு கிராங்க்கை ஒட்டியே இருக்கும், அங்கே மோட்டார் உட்காராமல் போகலாம். மோட்டார் பின் சக்கரத்தில் இருந்தால் கம்பி மூட்டைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே ஒரு தளர்ந்த வளைவு விட்டு, மூட்டுக்கு இருபுறமும் கம்பியைக் கட்டுங்கள். ஷாக் முழுதாக விரிந்தாலும் மடங்கினாலும் அந்த வளைவு இறுகவும் கூடாது, சங்கிலியையோ டயரையோ தொடவும் கூடாது.

மின்கம்பி 3 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத, மெல்லிய இழைகள் பல சேர்ந்த சிலிக்கான் உறைக் கம்பியாக இருக்கட்டும். ஒற்றை இழைக் கம்பி குலுக்கலில் ஒடியும். பெட்டிக்குள்ளேயே நேர்முனைக்கு மிக அருகில் 40 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று வையுங்கள். அது 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டத்துக்கு என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். காரில் போடும் சாதாரண ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்கானது. உருகிய பிறகும் அதில் தீப்பொறி தொடரலாம். இணைக்கும்போது பொறி பறப்பதைத் தடுக்க, பொறித்தடுப்புள்ள எக்ஸ்டி90 செருகி நல்லது. பேட்டரிப் பக்கம் எப்போதும் பெண் முனையாக இருந்தால், கழற்றிய நிலையில் எந்த உலோகமும் தற்செயலாகத் தொடாது.

மழையும் வெயிலும்

கிந்தா பள்ளத்தாக்கில் பருவமாற்ற மாதங்களில் மாலை மழை கிட்டத்தட்ட அன்றாட நிகழ்ச்சி. தைப்பிங் பக்கம் போனால் இன்னும் அதிகம். பெட்டியின் மூடிக்கு ரப்பர் விளிம்பு இருக்க வேண்டும். கம்பி வெளிவரும் துளை கீழ்ப்பக்கம் நோக்கி, நீர்புகாத அடைப்போடு இருக்கட்டும். கம்பி பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கினால், அதில் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். சூடும் குளிரும் மாறும்போது உள்ளே வியர்க்கும் என்பதால் பெட்டியின் மிகத் தாழ்ந்த புள்ளியில் ஒரு சிறு துளை வைக்கலாம். செல் ஏதாவது கெட்டு வாயு வந்தாலும் வெளியேற அது வழிவிடும். அழுத்த நீரால் சைக்கிளைக் கழுவுவதை விட்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.

வெயிலில் மூடிய காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூடு செல்லின் ஆயுளைத் தின்னும். வாரக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் பாதி சார்ஜில் நிழலான இடத்தில் வையுங்கள்.

ஷாக்கை மறுபடி சரிசெய்யுங்கள்

பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து ஏழெட்டுக் கிலோ கூடிய பிறகு ஷாக் பழைய அழுத்தத்தில் இருக்கக்கூடாது. சைக்கிளில் அமர்ந்த நிலையில் பின் ஷாக் தன் ஓட்டத்தில் 25 முதல் 30 விழுக்காடு அமுங்கியிருப்பதே சரி. 55 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள ஷாக் என்றால் 14 முதல் 16 மில்லிமீட்டர். ஷாக்கின் தண்டிலுள்ள ரப்பர் வளையம் இதைக் காட்டும். அதிகம் அமுங்கினால் சிறிது சிறிதாகக் காற்றடியுங்கள். ஷாக்கில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டாதீர்கள். எடை கூடினால் நிறுத்துவதற்கும் கூடுதல் தூரம் பிடிக்கும் என்பதால் பிரேக் கட்டைகளையும் இப்போதே பாருங்கள்.

தீ பற்றித் தெளிவாக

லித்தியம் பேட்டரித் தீ விறகுத் தீயைப் போன்றதல்ல. ஒரு செல் கட்டுமீறிச் சூடானால் பக்கத்துச் செல்களையும் இழுத்துக்கொண்டு சில நொடிகளில் வெடித்துப் பரவும்; புகையில் நச்சு வாயு இருக்கும். நியூயார்க் நகரில் 2023-ல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீ விபத்துகளில் 18 பேர் இறந்தனர். அதே ஆண்டு அந்நகரம், யூஎல் தரச்சான்று இல்லாத மின் சைக்கிளையும் பேட்டரியையும், பழைய செல்களைக் கொண்டு மறுபடி கட்டிய பேட்டரியையும் விற்கத் தடை கொண்டுவந்தது. வீட்டில் கட்டும் பேட்டரிக்கு அத்தகைய சான்று கிடையாது. பொறுப்பு முழுவதும் கட்டியவரையே சாரும்.

அதனால் சார்ஜ் செய்வதற்கும் ஓர் இடம் தேர்ந்தெடுங்கள். சிமெண்டுத் தரை, காற்றோட்டம், அருகில் திரையோ மெத்தையோ இல்லாத மூலை. படுக்கையறை வேண்டாம், வாசலை ஒட்டியும் வேண்டாம், தீ பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். பழைய தோட்ட வீடுகளைப் போல மரச்சுவரும் பலகைத் தரையும் உள்ள வீடானால் வெளியே கொட்டகையில் சார்ஜ் செய்யுங்கள். 54.6 வோல்ட்டுக்கே உரிய சார்ஜரைப் பயன்படுத்துங்கள். ஓட்டி வந்த சூடு ஆறிய பிறகு போடுங்கள். எல்லாரும் தூங்கும் நேரத்திலும், வீட்டில் ஆளில்லாத நேரத்திலும் வேண்டாம்.

கீழே விழுந்து அடிபட்ட பேட்டரி, வீங்கிய செல், இனிப்பான இரசாயன வாசம், தொட முடியாத சூடு, இவற்றில் எது தெரிந்தாலும் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். புகை வந்துவிட்டால் அணைக்க முயலாமல் எல்லாரையும் வெளியேற்றி 999 அழையுங்கள்.

தீர்ந்துபோன செல்லை வீட்டுக் குப்பையில் போடக்கூடாது. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுத் திட்டமிட்ட கழிவு விதிமுறைகள் லித்தியம் பேட்டரிக் கழிவை அபாயக் கழிவாக வகைப்படுத்தியுள்ளன. முனைகளில் நாடா ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் மையத்தில் கொடுங்கள்.

பொதுச் சாலையில் இறங்குவதற்கு முன் சாலை விதிகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சு மின் ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்டக்கூடாது என்று அறிவித்தது. ஐரோப்பியத் தரமான இஎன் 15194, 250 வாட் மோட்டாரையும் மணிக்கு 25 கிலோமீட்டர் வரையிலான உதவியையும் எல்லையாக வைக்கிறது. உங்கள் சைக்கிள் இங்கே எந்த வகையில் வரும் என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தனியார் தோட்டத்துப் பாதை என்றால் நிர்வாகத்தின் அனுமதியும் தேவை.

ஓடத் தொடங்கிய பின்

முதல் ஓட்டம் வீட்டுக்கு அருகில், சில கிலோமீட்டர் மட்டும். திரும்பியதும் எல்லாப் போல்ட்டையும் பட்டையையும் தொட்டுப் பாருங்கள். புதிய ரப்பர் அமுங்கிச் சற்றுத் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்குங்கள். போல்ட் தலையிலிருந்து தகட்டுக்கு ஒரு வண்ணக்கோடு இழுத்து வைத்தால், போல்ட் திரும்பியிருப்பது ஒரே பார்வையில் தெரியும். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து ஈரம், உரசல், துரு இருக்கிறதா என்று பாருங்கள். முழு சார்ஜில் 13 வரிசைகளின் மின்னழுத்தத்தை அளந்து எழுதி வையுங்கள். ஒரு வரிசை மட்டும் மற்றவற்றைவிட 0.05 வோல்ட்டுக்கு மேல் விலகத் தொடங்கினால், காரணம் தெரியும்வரை அந்தப் பேட்டரியைப் பயன்படுத்த வேண்டாம்.

இவ்வளவையும் செய்ய நேரமோ கருவியோ இல்லையென்றால் சான்று பெற்ற ஆயத்தப் பேட்டரியை வாங்குங்கள். அதற்கும் இடம் பார்ப்பது, அட்டை மாதிரி, ஷாக் சோதனை, தகடு, பட்டை, கம்பி வளைவு எல்லாம் அப்படியே பொருந்தும். சட்டத்தில் சரியான இடம் அமையவில்லை என்றால், ஒவ்வாத இடத்தில் திணிப்பதைவிடச் சிறிய பேட்டரியோடு குறைந்த தூரம் போவது மேல். தோட்டப் பாதையில் பத்துக் கிலோமீட்டர் குறைவாக ஓட்டியவருக்கு இழப்பு அந்தப் பத்துக் கிலோமீட்டர் மட்டுமே.